பட்டை சேர்ப்பதற்கு முன்னால் எடை மேடைக்குப் போய் வாருங்கள்

நம் பக்கத்து மாட்டு வண்டிகளில் கூண்டு என்று ஒன்று இருந்தது. மூங்கிலை வளைத்துக் கட்டி, மேலே பனையோலைப் பாய் வேய்ந்த கூரை. எரு அடிக்கும் நாளில் அதைக் கழற்றித் திண்ணையில் சாய்த்து வைப்பார்கள். திருவிழாவுக்கோ சம்பந்தி வீட்டுக்கோ போகிற நாளில் தூக்கி வைத்துக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். ஒரே வண்டிதான். காலையில் எரு வண்டி, மாலையில் படுத்துத் தூங்கிக்கொண்டே போகிற வீடு.

அந்தக் கூண்டு இப்போது வேறு வடிவத்தில் திரும்பி வருகிறது. விளைந்ததை வியாபாரியிடம் தள்ளிவிடாமல் நேரடியாக விற்க வேண்டும் என்று கிளம்பிய நம் உழவர்கள் பலரிடம் இன்று ஒரு சின்னச் சரக்கு வண்டி இருக்கிறது. வார நாட்களில் வைக்கோலும் தொழுஉரமும் ஏற்றுகிற அதே வண்டி, சந்தை நாளில் கடையாக வேண்டும். நெல் திருவிழா, விதைத் திருவிழா என்று வெளியூர் போனால் இரவு படுக்கவும் வேண்டும். அதனால் வண்டித் தொட்டியில் தூக்கி வைத்து, வேலை முடிந்ததும் இறக்கி வைக்கிற மாதிரி ஒரு பெட்டி செய்துகொள்கிறார்கள். நல்ல யோசனைதான். நான்கு நாள் லாட்ஜ் வாடகை மிச்சம், சரக்குக்கும் காவல்.

பெட்டியை வைத்ததும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். உடனே எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சார், பின்னாடி ரெண்டு பட்டை சேர்த்துரலாமா?" 

சேர்க்கலாமா கூடாதா என்பது இரண்டாவது கேள்வி. வண்டி ஏன் உட்கார்ந்தது என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் பட்டறையில் கிடைக்காது, எடை மேடையில்தான் கிடைக்கும்.

அமெரிக்காக்காரர் செய்வது

கழற்றி மாட்டும் பெட்டி வீடு அமெரிக்காவில் வெகுகாலப் பழக்கம். அங்கே பண்ணைக்காரர்கள் வைத்திருக்கும் பிக்கப் வண்டியின் தொட்டியில் ஒரு சிறு அறையையே இறக்கி வைத்துவிடுவார்கள். பெட்டியின் நான்கு மூலையிலும் ஜாக்கிக் கால்கள் இருக்கும். அதை நிறுத்தி வைத்து, வண்டியைப் பின்னோக்கி விட்டு அடியில் நுழைத்து, காலைத் தூக்கிவிட்டால் ஏறிவிட்டது. எழுத்தாளர் ஜான் ஸ்டெய்ன்பெக் 1960-ல் இப்படி ஒரு வண்டியில், கூட ஒரு நாயை மட்டும் ஏற்றிக்கொண்டு, நாட்டைச் சுற்றி வந்து புத்தகம் எழுதினார். வண்டிக்கு டான் குயிக்ஸாட்டின் குதிரைப் பெயரை வைத்திருந்தார். வழியில் டயர் வெடித்து மழையில் நின்ற கதையும் அந்தப் புத்தகத்தில் வருகிறது.

அங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒரு விதி. பெட்டி ஏற்றத் தோதான பிக்கப்பை விற்கும் கம்பெனி, எத்தனை எடை ஏற்றலாம் என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அந்த எடையின் நடுப்புள்ளி தொட்டியில் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். பெட்டி செய்கிறவரும் தன் பெட்டியின் எடையையும் அதன் நடுப்புள்ளியையும் சொல்ல வேண்டும். இரண்டையும் பொருத்திப் பார்த்துத்தான் வாங்குவார்கள். எவ்வளவு எடை என்பதற்குச் சமமாக, எங்கே எடை என்பதும் அங்கே கணக்கில் இருக்கிறது.

நம் வண்டிக்காரர்களுக்கும் இது தெரியாததல்ல. முன்பாரம், பின்பாரம் என்று சொல்வோமே, அதுதான் இது. முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். மாடு வாய் பேசாவிட்டாலும் நின்றுவிடும். வண்டிக்காரர் இறங்கி மூட்டையை ஒரு முழம் முன்னே தள்ளிப் போடுவார். இயந்திர வண்டி அப்படி நிற்பதில்லை, பின்பாரத்தோடேயே 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதுதான் ஆபத்து.

மூன்று சீட்டு

காரங்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் குழுவைச் சேர்ந்த தம்பி ஒருவர், மனைவியோடு சேர்ந்து மூன்று வருடமாக மானாவாரி நெல்லும் குண்டு மிளகாயும் இயற்கை முறையில் செய்கிறார். காரங்காட்டில் வனத்துறை அலையாத்திக் காட்டுக்குப் படகு விடுவதால் விடுமுறை நாட்களில் வெளியூர்க் கார்கள் வரும். அங்கே ஓரமாக வண்டியை நிறுத்தி அரிசி, மிளகாய்த் தூள், கருப்பட்டி விற்பார்கள். கோடையில் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில் நடக்கும் நெல் திருவிழாவுக்கும் போவார்கள். தொண்டி, மீமிசல், மணமேல்குடி, முத்துப்பேட்டை என்று கடற்கரைச் சாலையிலேயே போகிற நீண்ட ஓட்டம்.

வண்டி பழசு, 'சின்ன யானை' என்று நாம் சொல்கிற ரகம். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகுதான் இந்த வகை வண்டி நம் ஊர்ச் சந்துக்கெல்லாம் வந்தது. முக்கால் டன் தாங்கும் என்று கணக்கு. அந்த வண்டிக்கு அவர் சதுர இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை நாலா பக்கமும் கூரையிலும் போட்டு ஒரு பெட்டி செய்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சரக்கெல்லாம் ஏற்றியதும் முகப்பு விளக்கு தென்னை மர உச்சியைக் காட்டியது. திருப்பத்தில் ஸ்டியரிங் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது என்றார். பட்டறையில் பக்கத்துக்கு இரண்டு பட்டை சேர்க்க விலையும் பேசியாகிவிட்டது.

"தம்பி, முதல்ல அரிசி மில்லு எடை மேடைக்குப் போவோம்" என்றேன். வங்கியில் கடன் மனு பார்த்த பழக்கம். வாயால் சொல்லும் கணக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை, சீட்டு வேண்டும்.

எடை மேடையில் முழு வண்டியையும் நிறுத்தி ஒரு சீட்டு எடுத்தோம். பிறகு முன்சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி ஒரு சீட்டு, பின்சக்கரம் மட்டும் இருக்கும்படி ஒரு சீட்டு. மேடைக்காரர் எங்களை ஒரு மாதிரிதான் பார்த்தார். ஆனால் இந்த மூன்று சீட்டும் இல்லாமல் வண்டியைப் பற்றிப் பேசுவது, மண் பரிசோதனை செய்யாமல் மண்ணைப் பற்றிப் பேசுவது போல.

தம்பியும் மனைவியும் உட்கார்ந்திருக்க மொத்தம் 1,940 கிலோ. ஆர்.சி. புத்தகத்தில் அனுமதித்த மொத்த எடை 1,550. முன்சக்கரங்களில் 520, பின்சக்கரங்களில் 1,420.

மூன்று நாள் திருவிழாவுக்குப் போகிற இருவரின் சாமான் எப்படி இவ்வளவு ஆனது? ஒவ்வொன்றாகக் கூட்டினோம். எட்டுக்கு நான்கு பிளைவுட் ஒரு பலகை ஏறக்குறைய 23, 24 கிலோ. எட்டுப் பலகை போயிருந்தது. குழாய்ச் சட்டம் 70 கிலோ. கீல், தாழ்ப்பாள், உள்ளே அலமாரி எல்லாம் சேர்த்துப் பெட்டி மட்டும் 300 கிலோ. தண்ணீர் டிரம் 200 லிட்டர், அது 200 கிலோ. அரிசி 250. மிளகாய், கருப்பட்டி 120. இன்வெர்ட்டர் பேட்டரி 55. சிலிண்டரும் அடுப்பும் 40. பாய், தலையணை, தராசு, பாத்திரம் 45. ஆக 1,010 கிலோ. விற்கப்போகிற சரக்கு அதில் 370-தான். மீதி 640 கிலோவும் வீட்டை வண்டியில் ஏற்றிய எடை.

அதிலும் தண்ணீர் டிரம் எங்கே இருந்தது? குழாயைத் திறந்து பிடிக்கச் சௌகரியமாக, பின் கதவுக்குப் பக்கத்தில். பேட்டரியும் அங்கேதான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. முன்சக்கர அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை ஏழு அடி என்று வையுங்கள். 700 கிலோ சுமையின் நடுப்புள்ளி பின்சக்கர அச்சுக்கு ஓரடி பின்னால் விழுந்தால், பின்சக்கரம் 800 கிலோவைச் சுமக்கும். கூடுதல் 100 எங்கிருந்து வந்தது? முன்சக்கரத்திலிருந்து. துலாக்கட்டை மாதிரி, பின்னே அமுக்க முன்னே எழும்புகிறது. அதே சுமையை ஓரடி முன்னே தள்ளினால் பின்சக்கரத்தில் 600, முன்சக்கரத்தில் 100. இரண்டடி நகர்த்தியதில் பின்சக்கரத்துக்கு 200 கிலோ வித்தியாசம். ஒரு பைசாச் செலவில்லை.

முன்சக்கரத்தில் எடை குறைந்தால் ஸ்டியரிங் மட்டுமல்ல, பிரேக்கும் போச்சு. பிரேக் அடிக்கிறபோது வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான். அது ரோட்டை அழுத்திப் பிடித்திருந்தால்தான் நிற்கும்.

பட்டை என்ன செய்கிறது

நம் முன்னோர் இதற்கு அழகாகப் பெயர் வைத்தார்கள். வில் என்றார்கள். பாரம் ஏற்றுவது கட்டை வண்டி, அதற்கு வில் கிடையாது. ஆள் போகிறது வில்வண்டி. வில்வண்டியில் போவது ஒரு காலத்தில் அந்தஸ்து. திருவிதாங்கூரில் 1893-ல் அய்யன்காளி, தன் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டிப் போனதே ஒரு போராட்டமாக வரலாற்றில் நிற்கிறது. பின்னாளில் பெங்களூரு ஐ.ஐ.எம். இயக்குநராக இருந்த பேராசிரியர் என்.எஸ். ராமசாமி, மாட்டு வண்டியையும் மாட்டின் பாட்டையும் எப்படி மேம்படுத்தலாம் என்றே ஆண்டுக்கணக்கில் ஆராய்ச்சி செய்தார். சுமைக்கும் வில்லுக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல.

லாரிப் பட்டையும் அதே வில்தான். எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, நடுவே சென்டர் போல்ட் போட்டு, யு போல்ட்டால் அச்சோடு இறுக்கியிருப்பார்கள். நீளமான மெயின் பட்டையின் இரு நுனியும் சுருட்டியிருக்கும். ஒரு நுனி சட்டத்தோடு நேராக மாட்டியிருக்கும். மறுநுனி ஷேக்கிள் என்ற ஊஞ்சலில் தொங்கும். ஏனென்றால் வளைந்த பட்டை சுமையில் நேராகும்போது நீளும், அதற்கு இடம் வேண்டும். பல வண்டிகளில் அடியில் ஒரு தடித்த தட்டைப் பட்டை சும்மா இருக்கும். வெறும் வண்டியில் அதற்கு வேலை இல்லை. சுமை ஏறி மற்றவை இறங்கினால்தான் அது தோள் கொடுக்கும். இதை ஹெல்பர் என்கிறார்கள்.

பட்டையின் கெட்டித்தனம் அதன் கனத்தைப் பொறுத்து மும்மடங்குப் பெருக்கலில் ஏறும். 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால் ஏழுக்கு எட்டு என்று நினைக்காதீர்கள். கெட்டித்தனம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. "கொஞ்சம் கனமா ஒண்ணு போடுங்கண்ணே" என்று பட்டறையில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் கொஞ்சத்தின் விளைவு, வெறும் வண்டி ஓட்டும்போது தெரியும். குழியில் விழுகிற அடியைப் பட்டை வாங்காவிட்டால் அது சட்டத்துக்கும் முதுகுக்கும் போகும். நாட்டுக்கோழி முட்டையும் தக்காளியும் ஏற்றுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தூக்கும். தூக்கிவிட்டதால் சுமை சரியாகிவிட்டது என்று கண்ணுக்குத் தோன்றும். அச்சு அதே அச்சு, சக்கர பேரிங் அதே பேரிங், டயர் அதே டயர், பிரேக்கும் அதேதான். 1,420 கிலோவை அவைதான் இன்னமும் சுமக்கின்றன. இதைவிட நுட்பமான சிக்கல் சில பிக்கப் வண்டிகளில் உண்டு. பின்னச்சிலிருந்து ஒரு கம்பி சட்டத்தில் உள்ள ஒரு வால்வுக்குப் போகும். வண்டி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைப் பார்த்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடலாம் என்று அது தீர்மானிக்கும். பட்டை சேர்த்து வண்டியைத் தூக்கிவிட்டால், வண்டி காலியாக இருக்கிறது என்று அந்த வால்வு ஏமாந்துவிடும். முழுப் பாரத்தோடு போகிற வண்டிக்குப் பின் பிரேக் குறைந்துபோகும். உங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து அப்படி ஒரு கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கம்பெனி மெக்கானிக்கைக் கேட்காமல் பட்டையில் கை வைக்க வேண்டாம்.

பழைய இரும்புக் கடையில் வேறு வண்டிப் பட்டையை வாங்கி, வளைவு பொருந்தாமல், நெருப்பில் காய்ச்சி வளைத்துப் போடுகிற வழக்கமும் உண்டு. இது கூடவே கூடாது. நம் வீட்டு அரிவாள் பாதி லாரிப் பட்டையில் அடித்ததுதானே. ஆசாரி என்ன செய்கிறார்? பட்டையைச் சிவக்கக் காய்ச்சி அடிக்கிறார். காய்ச்சிய உடனே அதன் வில் குணம் போய்விடுகிறது. பிறகு தோய்ச்சல் கொடுத்துத்தான் வாயைக் கெட்டிப்படுத்துகிறார். வண்டிப் பட்டைக்கும் உலையில் அளந்து கொடுத்த பதம் அது. கேஸ் நெருப்பில் காட்டினால் அந்த இடத்தில் பதம் கெட்டு, ஒன்று தொய்ந்துவிடும், இல்லையென்றால் பட்டென்று முறியும். வெல்டிங் வைப்பதும் அப்படியே.

தம்பி வண்டியில் செய்தது

முதலில் பெட்டியைப் பிரித்தோம். பிளைவுட் போச்சு. மெல்லிய அலுமினியக் குழாயில் சட்டம், மேலே மூங்கில் வளைவு, அதன்மேல் தார்ப்பாய், உட்பக்கம் பனையோலைப் பாய். வெயிலுக்கு ஓலை மாதிரி சுகம் எதிலும் இல்லை. படுக்கப் பலகை, மடக்குக் கடைப் பலகை எல்லாம் சேர்த்தும் 110 கிலோவுக்குள் அடங்கியது. தண்ணீர் 20 லிட்டர் கேன் இரண்டு மட்டும். போகிற ஊரில் தண்ணீர் இல்லாமலா போகும்? பேட்டரிக்குப் பதில் சார்ஜ் விளக்கு. பெரிய சிலிண்டருக்குப் பதில் 5 கிலோ சிலிண்டர், சமையல் வண்டிக்கு வெளியே. அரிசி 200 கிலோ ஏற்றிக்கொண்டு மீதியை முன்கூட்டியே பார்சல் லாரியில் அனுப்புவது என்று முடிவு. அதற்கான கூலி, ஒரு டயர் வெடித்தால் ஆகும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

அரிசி மூட்டைகளை ஓட்டுநர் அறையை ஒட்டி, தரையோடு தரையாக அடுக்கினோம். தண்ணீர் கேனும் முன்னால். தலையணை, பாய் போன்ற இலேசானதெல்லாம் பின்னாலும் மேலேயும்.

மறுபடி எடை மேடை. மொத்தம் 1,465. முன்னே 666, பின்னே 799. பட்டை எதுவும் சேர்க்கவில்லை. வண்டி நேராக நின்றது, முகப்பு விளக்கு ரோட்டில் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் பட்டறைக்குப் போனோம். ஒரு பக்க ஷேக்கிள் புஷ் தேய்ந்து கிடந்தது, மாற்றினோம். இரண்டு ஷாக் அப்சர்பரிலும் எண்ணெய் கசிந்திருந்தது, அவையும் மாற்றம். ஷாக் அப்சர்பர் சுமையைத் தாங்குவதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. சுமையைத் தாங்குவது பட்டை. பட்டை ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உயரமான பெட்டி ஏற்றுகிறவருக்கு ஒரு பட்டையைவிட நல்ல ஷாக் இரண்டு அதிகம் உதவும். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் ரப்பர் கட்டை காய்ந்து உதிர்ந்திருந்தது, அதையும் புதிதாகப் போட்டோம்.

இவ்வளவு செய்தும் அனுமதித்த எடைக்குள்ளேயே உங்கள் வண்டி தொய்கிறது என்றால், பட்டை களைத்துவிட்டது என்று அர்த்தம். சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து தொட்டி விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் இருந்தாலும், வருடாவருடம் குறைந்துகொண்டே வந்தாலும், செட்டையே மாற்றுவதுதான் சரி. தொய்ந்த பக்கத்துக்கு மட்டும் ஒன்று சேர்ப்பது வேண்டாம். உங்கள் மாடலுக்கென்றே கம்பெனி தரும் ஹெல்பர் பட்டை இருந்தால் போட்டுக்கொள்ளலாம். புது யு போல்ட்தான் போட வேண்டும், பழசு ஏற்கெனவே இழுபட்டது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பப் போய் இறுக்க வேண்டும். பட்டைகள் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் தடித்து நுனியில் மெலிந்து வருகிற புதுவகைச் செட்டில் நடுவே சாதாரணப் பட்டையைச் செருகக் கூடாது. காற்றுப் பை வைத்துத் தூக்குகிற ஏற்பாடும் வந்திருக்கிறது. நம் கிராமத்துச் சாலைக்கும் நம் வருமானத்துக்கும் அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

டயரை விட்டுவிட்டேனே. டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கும். 80 என்றால் ஒரு டயர் 450 கிலோ தாங்கும், 86 என்றால் 530, 90 என்றால் 600. தம்பியின் டயரில் 86. முதல் நாள் ஒவ்வொரு பின் டயரிலும் 710 கிலோ இருந்தது. அதோடு ஆதிரெங்கம் வரை வைகாசி வெயிலில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் வரவில்லை. அதே சுவரில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் பட்டன் ஆழத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

கடலும் காற்றும்

கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர்களுக்கு இரண்டு தனிப் பிரச்சினை. ஒன்று காற்று. ஆறரை அடி நீளம், ஐந்தடி உயரம் கொண்ட பெட்டியின் பக்கவாட்டில் 60 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், ஓர் ஆள் தோளைக் கொடுத்துத் தள்ளுகிற மாதிரி ஏறத்தாழ 60 கிலோ விசை. மரத்தடியில் தெரியாது. ஓடைப் பாலத்தில் ஏறியதும் சட்டென்று தெரியும். கனமானது தரையோடு இருந்தால் வண்டி தாங்கிக்கொள்ளும். கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைத்தவர் பாடு கஷ்டம். பாதி நிரம்பிய தொட்டி முழுத் தொட்டியைவிட மோசம். திருப்பத்தில் தண்ணீர் ஒரு பக்கம் ஓடி வண்டியைச் சாய்க்கும். நம் மாவட்டத்தில் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பெரிய தொட்டியைவிடச் சின்னச் சின்னக் கேன்களே மேல்.

இன்னொன்று உப்பு. மீன் பெட்டி ஏற்றுகிற வண்டியாக இருந்தால் ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பட்டைகளுக்கு நடுவே இறங்கிவிடும். அங்கே துரு பருத்து, பட்டைகளை ஒன்றைவிட்டு ஒன்று விலக்கும். துரு அரித்த சின்னக் குழியில்தான் விரிசல் பிறக்கிறது, பெரும்பாலும் சென்டர் போல்ட் துளைக்குப் பக்கத்தில். பழைய வண்டி வாங்கும்போது அது மீன் ஓட்டத்தில் இருந்ததா என்று முகர்ந்து பார்த்தாலே தெரியும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் இரண்டு வாளி ஊற்றிப் பட்டையைக் கழுவுங்கள். கிணற்று நீர் உப்பாக இருந்தால் ஊருணித் தண்ணீர். வருடம் ஒருமுறை பட்டையைக் கழற்றித் துரு சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டச் சொல்லுங்கள்.

கழிவு இன்ஜின் ஆயிலைப் பட்டையில் பீய்ச்சி அடிக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது சொட்டுவது நம் களத்திலும் வரப்பிலும்தான். ரசாயனம் வேண்டாம் என்று வயலைக் காப்பாற்றிவிட்டு, வண்டி வழியாக அதைவிடக் கேடானதை உள்ளே விடுவானேன்? ரப்பர் புஷ்ஷையும் அந்த எண்ணெய் ஊறவைத்துக் கெடுத்துவிடும். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்கு மை போட்ட காலம் போய்விட்டது, அந்த மை சொட்டின இடத்தில் புல் முளைத்தது.

காகிதக் கணக்கு

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே பெட்டியைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்துவிடாதீர்கள். ஏற்றி இறக்கும் சுமையாகவே அது இருக்கட்டும். நான்கு மூலையிலும் வார்ப்பட்டை போட்டு இழுத்துக் கட்டுங்கள். தம்பி வண்டியில் வழுக்காமலிருக்கப் பெட்டிக்கு அடியில் பழைய ரப்பர் பாய் விரித்திருக்கிறோம். பட்டையிலும் தொட்டியிலும் ஏதாவது மாற்றம் செய்வதென்றால், எஃப்.சி.க்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அதிக பாரத்துக்கு 2019 திருத்தச் சட்டத்தில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் இன்னொரு 2,000. ஆனால் நான் பயப்படுவது அபராதத்துக்கு அல்ல, இன்சூரன்ஸுக்கு. விபத்து நடந்த வண்டியில் அனுமதியில்லாத மாற்றமும் அதிக பாரமும் இருந்தால், இழப்பீடு கேட்கும்போது தகராறு கட்டாயம் வரும். வண்டி போனாலும் கடன் தவணை நிற்காது. முப்பது வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, நிறைய முகங்களைப் பார்த்திருக்கிறேன். தவணைக்கு நிலத்தை ஒத்திக்கு விட்டவர்களும் அதில் உண்டு.

வண்டி ஓடும்போது பெட்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது, பிள்ளைகளானாலும் சரி. நின்ற பிறகுதான் படுக்கை.

தம்பி இப்போது பெட்டியின் நான்கு மூலைக்கும் கழற்றும் கால் செய்துகொண்டிருக்கிறார். பெட்டியைக் கடையாக நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் எடுத்துப்போய்த் திருவிழாவில் விதை நெல் ஏற்றி வரலாம் என்பது அவர் மனைவியின் யோசனை. காலுக்கு இரும்புக் குழாய் வேண்டாம், முற்றிய பனஞ்சட்டம் போதும் என்று நான் சொல்கிறேன். ஒரு காலுக்கு எத்தனை கிலோ வருகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.